ராணி கனகவேணியின் நாலாம் பார்ட்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுக்கும் லியனார்ட் சேலை கட்டினால் இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்துவிடும் என்று அவன் மனைவி மகதலேனாவே சொல்வாள். "எனக்குக் கட்டினா கூடுது, இந்த மனுசனுக்கு மட்டும் எப்படிக் கொறையுது?" என்றும் சேர்த்துக்கொள்வாள். அவன் அப்பா தண்டவாளம் போட வந்தவர். கோயில் பாட்டுக்குழுவில் பாடிக்கொண்டிருந்தவனைச் நாடகக் கம்பெனி சின்னையா வாத்தியார்தான் பிடித்து வந்து, பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் ஆக்கினார்.

வாரம் முழுக்க ஷெட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. சனிக்கிழமை மாலை ராணி கனகவேணியாக மேடையேறினால், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேடை ஓரம் மிருதங்கத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்தவன் நான். அந்த வேஷம் போனால் அவன் வெறும் மூட்டைக்காரன். அது அவனுக்கும் தெரியும், அதனால் எல்லாரையும் சந்தேகப்பட்டான். பூசை முடிந்து சாமியார் சிரித்தால்கூட ஏன் சிரித்தார் என்று வீடு வரைக்கும் யோசிப்பான்.

கதை எழுதி, பாடம் சொல்லிக் கொடுத்து, மேடையேற்றியவர் சின்னையா வாத்தியார். கொட்டகை போட்டு முதல் போட்டவர் சபாபதி. ரோட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்து முன்னுக்கு வந்தவர். எங்கள் வாயில் கண்டிராக்கு. இருவரும் பாம்பும் கீரியும். பேசும் படம் கோலாலம்பூருக்கு வந்த புதிது அது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று கண்டிராக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே நாளில் முடியும் கதையைத் துண்டு துண்டாக்கி முதல் பார்ட், இரண்டாம் பார்ட், மூன்றாம் பார்ட் என்று ஓட்டினார். எதிலும் மங்களம் பாட விடவில்லை.

"மங்களம் பாடிட்டா கதை முடிஞ்சுதுன்னு சனம் தூசி தட்டிட்டுப் போயிரும் வாத்தியாரே. நாலாவதுல ராணிக்கு ஒரு தங்கச்சிய வையுங்க. அஞ்சாவதுல புலிச் சண்டை."

"புலி வேஷத்த நீங்களே கட்டுங்க. மங்களம் பாடாம எறங்குறது அபசகுனம்யா."

"கொட்டகை நெறையுது லா, அப்புறம் என்ன அபசகுனம்?"

நாலாம் பார்ட்டுக்கு எழுதியதை வாத்தியார் யாருக்கும் முழுசாகக் காட்டவில்லை. ஆளுக்கு ஆள் தனியாகப் பாடம் சொல்வது எந்தக் கம்பெனியிலும் வழக்கம்தான். உன் வசனம் உனக்கு, முன்னால் பேசுகிறவன் விடும் கடைசி வார்த்தை உனக்கு, அவ்வளவுதான். ஆனால் இந்த முறை லியனார்டுக்கு மட்டும் கடைசிக் காட்சிப் பாடம் வரவே இல்லை. கேட்டால், "வரும் போ" என்றார். மந்திரி வேஷக்காரன் இவனைக் கண்டதும் பேச்சை நிறுத்தினான். அதெல்லாம் எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் வேஷ அறைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற லியனார்ட், ஒப்பனைக்காரன் கன்னையாவிடம் வாத்தியார் சொன்னதைக் கேட்டுவிட்டான்.

"இதோட முடிச்சிடணும் கன்னையா. லியனார்டுக்கு அப்புறம் பார்ட்டே கெடையாது. கண்டிராக்கு காதுல விழுந்துறப் போவுது."

பேயறைந்த முகத்தோடு என்னிடம் ஓடி வந்து அதை அப்படியே ஒப்பித்தான். "எனக்கு இனிமே பார்ட் இல்லியாம் அண்ணே. தூக்கப் போறாரு."

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லடா. நேராப் போய்க் கேளு."

"கேட்டா ஒத்துக்குவாரா? நீங்களும் அவரு பக்கந்தானா?"

எனக்கு வந்த கோபத்தில் மிருதங்கத்தை உறையில் போட்டு மூடினேன். சந்தேகம் பிடித்தவனுக்குப் புத்தி சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அவன் நேரே கண்டிராக்கிடம் போய்க் கேட்டதையெல்லாம் கொட்டினான். அவர் ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்துத் தோளைத் தட்டினாராம். "நான் இருக்கிற வரைக்கும் ராணி எங்கயும் போவ மாட்டா. நிம்மதியாப் போ லா." ராணி என்றால் தான்தான் என்று லியனார்ட் நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை, திரை ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் வாத்தியார் கடைசிப் பாடத்தைச் சொன்னார். ராணி விஷக் கிண்ணத்தை எடுக்கிறாள், குடிக்கிறாள், பாடுகிறாள், சாகிறாள். பிறகு மங்களம். அப்படியொரு பாட்டை அவர் யாருக்கும் எழுதியதில்லை. லியனார்ட் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டான். ஆனாலும் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, கொல்லுறாரு" என்று முணுமுணுத்தான்.

மேடையில் கிண்ணத்தைக் கையில் எடுத்தான். ஆர்மோனியம் சுருதி கொடுத்தது. தொப்பென்று திரை விழுந்தது. திரைக்கயிறு கண்டிராக்கின் ஆள் கையில் இருந்தது. வெளியே அவர் குரல் கேட்டது: "ராணி குடித்தாளா, இல்லையா? ஐந்தாம் பார்ட்டில் காணத் தவறாதீர்கள்!" கூட்டம் கூரை பிய்யும்படி கத்தியது. பாட்டு லியனார்டின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. ஐந்தாம் பார்ட்டில் ராணி கனகவேணியாக, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய தனலெட்சுமி. பெண் வேஷத்தில் அசல் பெண்ணே. லியனார்டுக்குத் தோழி வேஷம், வசனம் கிடையாது.

நோட்டீஸைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனான். அடிதடி ஆகிவிடுமோ என்று நானும் கூடப் போனேன். வாத்தியார் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கோபமே படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வர்றது எனக்கு முன்னாலயே தெரியும்டா. ராணிய அவளுக்குத்தான் எடுத்து வச்சிருந்தாரு கண்டிராக்கு. நீ வேஷம் கட்டும்போதே ராணி செத்துப்போயிட்டா, அஞ்சாவது பார்ட் எங்கேருந்து வரும்? உனக்கு அப்புறம் எவளும் அந்த வேஷத்தக் கட்டக் கூடாதுன்னுதான் அந்தப் பாட்ட எழுதினேன்."

வேஷத்துக்கும் பார்ட் என்போம், கதைத் துண்டுக்கும் பார்ட் என்போம். லியனார்டோடு கதை தீர்ந்தது என்று அவர் சொன்னதை, லியனார்டுக்கு வேலை தீர்ந்தது என்று இவன் கேட்டிருக்கிறான். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"எங்கிட்ட ஏன் வாத்தியாரே ஒரு வார்த்தை சொல்லல?"

வாத்தியார் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். "நீ கண்டிராக்கு ஆளுன்னு நெனச்சேன்."

"கண்டிராக்குகிட்டப் போய்ச் சொன்ன அன்னைக்கு வரைக்கும் நான் உங்க ஆளுதான்," என்றான் லியனார்ட்.