எங்கள் வீட்டு முதன்மை எண்

என் கணவருக்கு ஓர் எண் மேல் பைத்தியம். 357686312646216567629137. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதாலும் வகுபடாத முதன்மை எண். அதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். முன்னாலிருக்கும் மூன்றை எடுத்துவிட்டாலும் மிச்சம் முதன்மை எண்தானாம். அடுத்த ஐந்தை எடுத்தாலும் அப்படியே. இப்படி ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தால் 9137, 137, 37, கடைசியில் 7. எதுவும் உடையாது. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது இல்லை என்று, தானே பெற்று வளர்த்தது போலப் பெருமைப்படுவார்.

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறவர். கோப்பாயிலிருந்து சைக்கிளில் போகும்போதும் இதே பாராயணம். கோயில் வீதி சுற்றும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "உங்கடை அவருக்கு எவ்வளவு பக்தி! தேவாரமெல்லாம் பாடம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்ல?

"உந்த எண் எங்களுக்குச் சோறு போடுமோ?" என்று வீட்டில் கேட்பேன்.

"ஒருக்காச் சொல்லிப் பாருமப்பா, வடிவாயிருக்கும்."

கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வீம்புதான்.

போன மாரியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் கதைப்பது அவருக்கு விளங்குகிறது, சொல்தான் வாய்க்கு வரவில்லை என்றார் டொக்டர். பழகிய பாட்டு ஏதாவது பாடிக் காட்டச் சொன்னார். தேவாரம் பாடினேன். சும்மா பார்த்துக்கொண்டு கிடந்தார். வாயால் பிழைத்த மனிதர். இனிக் கதைக்கவே மாட்டாரோ?

வேறு வழி தெரியாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து, "மூண்டு, அஞ்சு, ஏழு, ஆறு..." என்று தொடங்கினேன். சட்டென்று கண் என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையில் எனக்கு எண் தடுமாறிவிட்டது. முடிவுக்குக் கிட்ட வந்து, "ஒன்பது, ஒண்டு, ரெண்டு, ஏழு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. கரும்பலகையில் யாராவது பிழை விட்டால் வருகிற அதே கோபம். வாய் கோணிக்கொண்டு அசைந்தது.

"மூ... மூண்டு."

"என்னப்பா?"

"ரெண்டு... இல்லை. மூண்டு."

37 இருக்க வேண்டிய இடத்தில் நான் 27ஐ வைத்துவிட்டேன். அது மூன்றால் வகுபடும். மனிதரால் பொறுக்க முடியவில்லை.

வாட்டு என்றும் பாராமல் விக்கி விக்கி அழுதேன். தாதி ஓடிவந்தாள்.

"என்னம்மா, என்ன செய்யுது அவருக்கு?"

"பிழை பிடிக்கிறார் பிள்ளை, பிழை பிடிக்கிறார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். அன்று பின்னேரம் முழுவதும் வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.