மிட்டாய் ஜாடியில் மின்சாரம்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது அத்தையைப் பெண் பார்க்க குளத்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்தவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். பொன்னமராவதியில் எங்களுக்கு மளிகைக் கடை. உள்ளூர்ப் பள்ளியில் எட்டாவது முடித்ததும் அத்தையின் படிப்பு நின்றுபோனது. மேலே படிக்க வேண்டுமானால் புதுக்கோட்டை போக வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதாவது என்று அப்பா முடித்துவிட்டார். அத்தை சண்டை போடவில்லை. பரணிலிருந்த அப்பாவின் பழைய விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அதைப் பார்த்து அவள் ஒரு மின்சார ஜாடி செய்தாள். கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடி ஜாடிதான். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வரும் ஈயத்தாளைப் பிரித்து, ஜாடியின் உள்ளேயும் வெளியேயும் முக்கால் உயரத்துக்கு ஒட்டினாள். மரமூடியின் நடுவே பழைய கட்டிலின் பித்தளைக் குமிழைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு சங்கிலி உள்தாளைத் தொடும்படி தொங்கவிட்டாள்.

பிறகு உடைந்த கிராமபோன் தட்டு ஒன்றைக் கம்பளியால் பரபரவென்று தேய்ப்பாள். பட்டுக் கயிறு கட்டிய பித்தளைத் தாம்பாளத்தை அதன்மேல் வைத்து, விரலால் ஒரு தொடு தொட்டு, கயிற்றைப் பிடித்துத் தூக்கிக் குமிழருகே கொண்டு போவாள். ‘டக்’கென்று ஒரு நீலப்பொறி பறக்கும். ஒரு பொறியால் எறும்புக்குக்கூட வலிக்காது. ஆனால் ஜாடி ஒவ்வொன்றையும் விடாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். முப்பது, நாற்பது முறை ஆன பிறகு வெளித்தாளில் ஒரு கையும் குமிழில் ஒரு கையும் வைத்தால், சேர்ந்ததெல்லாம் ஒரே நொடியில் பாய்ந்து முழங்கை வரை உதறும். எங்கள் தெருவுக்கு அப்போது கரண்டே வரவில்லை. எங்கள் நெல் அறையில் மட்டும் இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று காலை, “குட்டி, அந்த ஜாடிய எடுத்து நெல் அறைக்குள்ள வச்சிரு. யார் கண்ணுலயும் பட்டுறக் கூடாது” என்று சொல்லிவிட்டு அத்தை தலை வாரப் போனாள். எனக்கோ மனசு கேட்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? கையெல்லாம் நோகத் தேய்த்து, ஐம்பது பொறி ஏற்றினேன். குமிழைத் தொடாமல் தூக்கி வந்து கூடத்து மாடத்தில் வைத்தேன். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்கவில்லை. பெரிய மீசைக்காரர். கடைக்காரர் வீட்டு ஜாடியில் மிட்டாயைத் தவிர வேறென்ன இருக்கும் என்று நினைத்தார் போல. “என்ன பாப்பா, எங்களுக்கெல்லாம் தர மாட்டியா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு கையால் ஜாடியை அணைத்து எடுத்து, மறு கையால் மூடியைத் திறக்கக் குமிழைப் பிடித்தார்.

அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். ஜாடி விழுந்து சுக்குநூறானது. அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி, “வீட்டுல என்னத்த ஏவி வச்சிருக்கீங்க?” என்று அலறினாள். அப்பாவின் முகம் வெளிறியது.

அத்தை தானே வெளியே வந்தாள். பட்டுச்சேலையும் பூவுமாக, அழைக்காமலே வந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

“பயப்படாதீங்க, உசுருக்கு ஒண்ணும் ஆகாது. உள்தாள்ல ஒரு மின்சாரம், வெளித்தாள்ல அதுக்கு எதிர் மின்சாரம். ரெண்டும் ஒண்ணு சேரத் துடிக்கும், நடுவுல கண்ணாடி விடாது. ஒங்க ரெண்டு கையும் வழி விட்டுருச்சு, அம்புட்டுத்தான்.”

மீசைக்காரர் மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“இம்புட்டு தெரிஞ்ச பொண்ண காலேசுக்கு அனுப்புங்க. எங்க வீட்டு அடுப்படிக்கு வேணாம்” என்றார். குத்தலாகத்தான் சொன்னார். வைத்த பலகாரத்தைத் தொடாமல் போய்விட்டார்கள்.

அம்மா அழுதாள். அப்பா கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டுவார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அவரோ பொறுக்கி முடித்துவிட்டு, “ஆத்தா, அந்தக் கண்ணாடி விடாதுன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு” என்றார். அத்தை சொன்னாள். “அந்தப் பொஸ்தகத்துல நானும் இதே பக்கத்தப் படிச்சேன். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சதோட சரி” என்றார் அப்பா.

அடுத்த வாரம் அவர் புதுக்கோட்டை போய் வந்தார். மறுபடியும் போனார். ஆனி பிறந்ததும் அத்தைக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. பள்ளிக்கூடத்து விடுதியில் விடப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். நான் செய்ததற்கு அத்தையை ஊரைவிட்டே அனுப்புகிறார்கள்!

யுத்த காலம், பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. கரிப்புகை கக்கிக்கொண்டு பஸ் நின்றிருந்தது. அத்தை ஏறிய பிறகு, இனிமேலும் மறைத்தால் பாவம் என்று தோன்றி, “அப்பா, ஜாடிய வச்சது நான்தான்! அத்தைய எறக்குங்க, என்னைய அனுப்புங்க!” என்று கத்தினேன்.

அத்தை ஜன்னல் வழியாகக் குனிந்து என் கன்னத்தைப் பிடித்தாள். “ஒன்னையும் அனுப்புவாங்கடி, கொஞ்சம் பொறு” என்றாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அழுகிறாளே, போகப் பிடிக்காமல்தானே அழுகிறாள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகு, வீடு வரும்வரை அப்பாவின் தொடையில் இரண்டு கையாலும் குத்திக்கொண்டே வந்தேன். அவர் தடுக்கவில்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிரில் வந்தவர்களிடமெல்லாம், “தங்கச்சிய ஐஸ்கூலுக்கு அனுப்பிட்டு வாரேன்” என்று சிரித்தபடி சொல்லிக்கொண்டு வந்தார். கூடப் பிறந்தவளை ஊரைவிட்டு விரட்டிவிட்டு ஒரு மனிதரால் எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.