என் வேன் நம்பர் அடித்த சனிக்கிழமை

கோவிட் கட்டுப்பாடுகள் தளர்ந்து, பள்ளிக்கூடங்கள் மறுபடி ஒழுங்காக நடக்க ஆரம்பித்த வருடம் அது. மலேசியாவில், தஞ்சோங் காராங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கும் சுங்கை புரோங் வயல்களுக்கும் நடுவில் ஒரு சின்னத் தாமானில் எங்கள் வீடு. தாமான் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டம் கைமாறியபோது தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய இரண்டு வரிசை மலிவு வீடுகள், அவ்வளவுதான். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலு வீடு தும்மும்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் காவலாளி. அவர் சம்பளம் வீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். வேன் ஓடினால்தான் நாங்கள் கொஞ்சம் நிமிரலாம் என்று கணக்குப் போட்டு, ஏழு வருடக் கடனில் வாங்கினோம். வாங்கிய வருடம் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள்.

பிள்ளைகள் இல்லாத பள்ளி வேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின் இருக்கையைக் கழற்றிவிட்டு வாழைக்காய், கீரை, முருங்கைக்காய் என்று ஏற்றி விற்றேன். எண்ணெய்க் காசுக்கே மூச்சு வாங்கியது. வங்கிக்காரர்கள் கொஞ்ச காலம் தவணையைத் தள்ளி வைத்தார்கள். தள்ளித்தான் வைத்தார்கள், விட்டுவிடவில்லை. பள்ளி திறந்தபோது என் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்பாவின் மோட்டாரில் போகப் பழகிவிட்டிருந்தார்கள். தவணை நாலு மாதம் நின்றுபோனது. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். பின்னாலேயே ஒரு லோரி வந்து நின்றது. தவணை நின்ற வண்டிகளை வங்கிக்காக இழுத்துப்போகிறவர்கள். இறங்கி வந்தவன் நம் தமிழ்ப் பையன்தான், முப்பது வயதுகூட இருக்காது. முரட்டுத்தனமாகப் பேசியிருந்தால் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்கு நின்றிருப்பேன். எனக்கு அந்த வாய் உண்டு. ஆனால் அவன் காகிதத்தை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிச்சிருங்கக்கா. எனக்கு இதான் வேல. உள்ள உங்க சாமான் இருந்தா எடுத்துக்குங்க, நான் நிக்கிறேன்."

எடுத்தேன். முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையார், யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், ஒரு மழைச்சட்டை, ஒற்றைக் கறுப்புக் காலணி. அந்த ஒற்றைக் காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அழுகை முட்டியது. அந்தப் பிள்ளை நாளைக்கு எதைப் போட்டுக்கொண்டு போகும், எதில் ஏறிப் போகும்? போகும்போது அந்தப் பையன் மெதுவாகச் சொன்னான்: "மூணு வாரம் டைம் இருக்குக்கா. அதுக்குள்ள பாக்கிய கட்டிட்டா திரும்ப எடுத்துக்கலாம். விட்டுட்டா ஏலத்துக்குப் போயிரும்."

அதற்குள் இரண்டு வரிசை வீடுகளும் வெளியே வந்துவிட்டன. வந்தவர்கள் சும்மாவா நின்றார்கள்? ஆளுக்கொரு கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எதிர்வீட்டு அக்கா ஒருபடி மேல். கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய், கண் தெரியாமல் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, நம்பர் பலகையை எடுத்தார். பத்து வருடமாக என் வீட்டுக் கறிவேப்பிலையைப் பறித்துச் சமைக்கிறவர். என் மானம் போவதை வாட்ஸ்அப்பில் போடப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன்.

மறுநாள் விடியும் முன்பே வீட்டுக்காரரின் பழைய குட்டிக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாமான் பிள்ளைகளை அப்பாமார்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தோட்டத்து லயத்தில் இன்னும் ஏழு பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களின் அப்பா அம்மா இருட்டோடு வேலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். நான் போகவில்லை என்றால் அவர்கள் பள்ளிக்கூடம் போக மாட்டார்கள். இரண்டு நடையாக அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் பெர்மிட் இல்லாத கார் அது; வழியில் போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்று ஒரு பதிலை ஒப்பித்துக்கொண்டே ஓட்டினேன். இதற்கிடையில் பக்கத்து ஊர் வேன்காரர் ஒருவர், மூன்று வாரம் கழித்துத் தானே வந்து ஏற்றிக்கொள்வதாக வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேன் போனால் பிள்ளைகளும் போவார்கள். பிள்ளைகள் போனால், வேன் இல்லாமலே வேன் கடனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கட்ட வேண்டிய பாக்கி, வண்டி இழுத்த கூலி, நிறுத்தி வைத்த வாடகை எல்லாம் சேர்ந்து நாலாயிரம் வெள்ளிக்குக் கிட்ட வந்தது. எங்களிடம் நானூறுகூட இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். வரிசையில் திடீரென்று ஒரே கூச்சல். யார் வீட்டிலோ பந்து விளையாட்டு பார்க்கிறார்கள் போல என்று நினைத்தேன். வெளியே போய்விட்டு வந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை.

"உன் வேன் நம்பரு மூணாவது பரிசு அடிச்சிருக்காம்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். யாராவது புதிதாகக் காடி, அதாவது வண்டி, வாங்கினால் அதன் பலகையிலுள்ள நாலு எண்ணை நம்பர் கடையில் லாட்டரிக்குப் பணம் கட்டி எடுப்பார்கள். விபத்தான காடி, பள்ளத்தில் விழுந்த காடி, கடனுக்கு இழுத்துப்போன காடி என்றால் கேட்கவே வேண்டாம், கெட்டது நடந்த காடி நம்பருக்குத்தான் மதிப்பு அதிகம். மூன்று வருடமாக என் வாசலில் சும்மா நின்ற நம்பர் அது. இழுத்துக்கொண்டு போன பிறகு ஐந்து வீட்டில் எடுத்திருக்கிறார்கள், ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று. அடித்தும்விட்டது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உடம்பெல்லாம் எரிந்தது. என் பிழைப்பை லோரியில் ஏற்றும்போது இவர்கள் நம்பர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! அன்று ராத்திரி பக்கத்து வீட்டுக் கோழிக்குழம்பு வாசம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது ஜன்னலைச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு அக்கா முன்னால் வர, மற்ற நாலு வீட்டுக்காரர்களும் பின்னால் வந்தார்கள். அக்கா கையில் தீபாவளிக்குக் காசு வைத்துக் கொடுத்து மிஞ்சிய பச்சை அங்பாவ் உறைகள். வந்தவர்களை நான் உட்காரச் சொல்லவில்லை.

"எரியிற வீட்டுல பிடுங்கிட்டு, இப்ப பங்கு குடுக்க வந்தீங்களாக்கா?" என்றேன்.

அக்கா அசரவே இல்லை. "ஆமாலா, பிடுங்குனோம். அடிச்சிருச்சி. இப்ப என்னா பண்ணச் சொல்ற? நேத்து கோழி வாங்கி ஆக்குனேன். ஒரு வாய் எறங்கலை. உன் காடி நம்பரு புள்ள. பிடி இத. எல்லாரும் பாதிக்கு மேலயே போட்டிருக்கோம்."

எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, மூவாயிரம் வெள்ளி இருக்கும். அந்த வீடுகளும் மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்கிற வீடுகள்தான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் கை நீள மறுத்தது. என் அப்பா ஒரு கிலோ அரிசி இரவல் வாங்கினால் ஒன்றேகால் கிலோவாகத் திருப்பிக் கொடுத்த மனிதர். அந்த ரோஷம் ரத்தத்தில் ஊறிப் போயிருக்கிறது.

"தானமா எனக்கு வேணாங்க்கா."

"ரோஷத்த ஓட்டிக்கிட்டுப் போயி பிள்ளைங்கள ஏத்துவியா?" என்று அக்கா கத்தினார். வீட்டுக்காரர், கடனாகவாவது வாங்கிக்கொள்வோம் என்று மெதுவாக இழுத்தார். கடன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கசந்தது. இருக்கிற கடனே தலைக்கு மேல் ஓடுகிறது. இன்னும் ஒன்றா?

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நான் வேன் ஓட்டுகிறவள். என்னிடம் விற்க இருப்பது அது ஒன்றுதான்.

"சரி, வாங்கிக்கிறேன். ஆனா இது வேன் காசு. வேன் வந்ததுலேர்ந்து உங்க பிள்ளைங்கள ஏத்துறேன். இந்தப் பணம் தீர்ற வரைக்கும் யாரும் எனக்கு ஒரு காசு குடுக்கக் கூடாது. சம்மதமா?"

நாலு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள், தலையாட்டினார்கள். அக்கா வீட்டில் யாரும் இல்லை. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகிப் பத்தாங் காலியில் இருக்கிறாள். அக்காவின் உறையை மட்டும் வேண்டாம் என்று திருப்பி நீட்டினேன்.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் பள்ளிக்கூடம் போறேன். நாளைக்கே யூனிபோர்ம் தெச்சுக்கிறேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை; உறையை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார். மீதிப் பணத்துக்கு என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. அந்த வாரமே கிள்ளான் பக்கத்தில் ஒரு காலி நிலத்தில், இழுத்து வரப்பட்ட வண்டிகளின் வரிசையில் தூசி படிந்து நின்ற என் வேனை எடுத்து வந்தோம். பிள்ளையாரைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினேன். மறுநாள் காலை வேன் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு அக்கா கூடையோடு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் தினமும் அப்படித்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அக்காவைத் தஞ்சோங் காராங் பசாரில் விடுவேன். வேனுக்குள் அவர் ராஜ்ஜியம்தான். கத்துகிறவனுக்கு ஒரு முறைப்பு, வாய்ப்பாடு ஒப்பிக்கிறவனுக்கு ஒரு பிஸ்கட். அவர் வந்த பிறகு வேனில் ஒரு பிள்ளைகூடப் பொருளை மறந்துவிட்டுப் போனதில்லை.

நாலு வீட்டுக் கட்டணம் வராமல் தவணை கட்டுவது விளையாட்டில்லை. நானும் விடவில்லை. சாயங்காலம் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றினேன். சனி ஞாயிறுகளில் கோலா சிலாங்கூருக்கு மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறவர்களைக் கூட்டிப்போனேன். கோயில், கல்யாணம், கருமக்கிரியை என்று எங்கே கூப்பிட்டாலும் போனேன். பொம்பளை ராத்திரியில் வண்டி ஓட்டுகிறாளே என்று பேசியவர்களும் உண்டு. பேசியவர்கள் யாரும் என் தவணையைக் கட்டவில்லை. வீட்டுக்காரர் இரவு வேலை முடித்து வந்து, தூங்காமல் வேனைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருப்பார். அதற்குப் பிறகு ஒரு மாதத் தவணைகூட நான் தவறவிடவில்லை. முதலில் வளையல் வீட்டுக்கு வந்தது. பிறகு நாலு வீட்டுக் கணக்கும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது.

அக்கா கணக்கு முடிந்த மறுநாள் காலையில், அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வழக்கம்போலக் கூடையோடு ஏறினார். ஏறியதும் முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மடியில் பணத்தை வைத்தார்.

"என்னாக்கா இது?"

"கணக்கு முடிஞ்சிருச்சில்ல? இந்த மாசக் காசு."

உங்களிடம் போய்க் காசு வாங்குவேனா என்று திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அன்னைக்கு நீ ஓசியில வாங்குனியா? வாங்கல இல்ல? அப்ப நான் மட்டும் ஓசியில ஏறணுமா? உனக்கு மட்டுந்தான் ரோஷமா புள்ள?" நான் வாங்கி வைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வேனை எடுத்தேன்.

போன வருடம், தவணைக் காலம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே, மீதி முழுவதையும் ஒரே தடவையில் கட்டினேன். வங்கி முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண், "சுடா ஹாபிஸ், காக்," முடிந்துவிட்டது அக்கா என்று சிரித்தாள். அந்த ஒரு வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன். இந்த வருடம் இன்னொரு வேன் வாங்கியிருக்கிறோம். பழையதுதான், ஆனால் ஒரு காசு கடன் இல்லை. லயத்திலிருந்து ஓர் அம்மா அதை ஓட்டுகிறார். அவருடைய மகளின் காலணிதான் அன்றைக்கு என் கையில் ஒற்றையாக நின்றது.

இரண்டாவது வேன் வாசலுக்கு வந்த அன்றைக்கே எதிர்வீட்டு அக்கா போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நம்பர் பலகை எங்கே என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எடுக்காதீங்கக்கா. இது கடன் இல்லாத காடி. அடிக்காது," என்றேன்.

கேட்பாரா? எடுத்தார். அடிக்கவில்லை. உன்னால் எனக்கு ஒரு வெள்ளி நட்டம் என்று இன்றைக்கும் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு குத்திக் காட்டுகிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது, ஏனென்றால் என் வண்டியால் இனி யாருக்கும் நம்பர் அடிக்காத அளவுக்கு நான் நன்றாக இருக்கிறேன்.