வண்டிக்கு அடியில் இருவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைகாலம். லண்டனில், பிளேஸ்டோவில், ஒட்டியொட்டிக் கட்டிய வீடுகள் உள்ள ஒரு தெருவில் குடியிருந்தோம். நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. ஷிப்ட் இல்லாத நாளில் தன் பழைய பிக்கப் வாகனத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்.

அந்த வருஷம்தான் அவருடைய முதுகுவலி வெறும் முதுகுவலி இல்லை என்று தெரிந்தது. புற்றுநோய் முள்ளந்தண்டு வரைக்கும் போயிருந்தது. இனி மாற்ற ஏலாது, வலியைக் குறைக்க மட்டும் மருந்து தரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த கிழமை அவர் எங்கிருந்தோ ஒரு பழைய கரவனை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த, வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற சின்ன வீடு. கூடப் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு அதில்தான் கடற்கரைக்குப் போவார்கள். எங்கள் பிள்ளைகளும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார்கள். அவர்களுக்கு அப்பாவின் நோயின் முழு விபரம் தெரியாது.

ஆனால் கரவனின் பாரத்தில் பிக்கப்பின் பின்பக்கம் நன்றாகப் பதிந்து, முன்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ரோட்டில் சின்னப் பள்ளம் வந்தாலும் அடியில் இரும்போடு இரும்பு மோதித் தூக்கிப் போட்டது. அந்த அடி எல்லாம் நேரே அவருடைய முதுகில்தான் விழுந்தது. வாசலில் வந்து இறங்கியபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"பின் ஸ்பிரிங்குக்கு மேலதிகமா தகடு போட்டால் சரி. பிறகு பதியாது, குலுக்காது" என்றார்.

"ஏனப்பா உங்களுக்கு உந்த வேலை? கராஜில குடுங்கோவன்."

"என்ர பிள்ளையள் போற வண்டி. நான்தான் செய்யோணும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மிச்சமிருக்கிற கொஞ்ச நாளையும் எங்களோடு இருக்காமல், அந்த இரும்புக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறாரே என்று. சாப்பாடு வைத்துவிட்டுக் கூப்பிட்டால் எண்ணெய்க் கையோடு வருவார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வெளியே அவர் என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், பிக்கப்புக்கு அடியிலிருந்து கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருந்தன. முதுகு பிடித்துவிட்டது. அசைய ஏலவில்லை. நான் காலைப் பிடித்து இழுத்தேன். அவர் போட்ட கூச்சலில் கையை விட்டுவிட்டேன். பிறகு உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. கல்யாணம் கட்டி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். வயதானவர், தனி ஆள். கரவன் தன் ஜன்னலை மறைக்கிறது என்று எங்கள் கதவைத் தட்டிச் சண்டை பிடித்தவர். இப்பவும் அதற்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு தார் ரோட்டில் படுத்து, மறுபக்கத்தால் ஊர்ந்து என் கணவருக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

இழுக்கவில்லை. தூக்கவில்லை. சும்மா பக்கத்தில் படுத்திருந்தார். இடைக்கிடை "அவசரமில்லை, அவசரமில்லை" என்று இங்கிலீஷில் சொன்னது மட்டும் கேட்டது. கனநேரத்துக்குப் பிறகு அழுகை அடங்கியது, வலியும் கொஞ்சம் விட்டது. ஒரு போர்வையை அடியில் கொடுத்து, இரண்டு பேருமாக அவரை மெல்ல வெளியே எடுத்தோம்.

அதோடு அந்த மனிதர் போய்விடவில்லை. கணவரை நடைபாதையில் கதிரை போட்டு இருத்திவிட்டு, அவர் காட்டக் காட்ட மிச்ச ஆணிகளைத் தானே முறுக்கினார். பின்னேரம் கரவனைக் கொளுவிப் பார்த்தார்கள். பின்பக்கம் பதியவில்லை.

"பாத்தீரே, நேரா நிக்குது" என்று கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை புறப்படுவதாக முடிவு செய்தோம். பிள்ளைகள் அன்றைக்கே உடுப்பு அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

புறப்படுவதற்கு முன்னமே ஒரு காலையில் அவருக்குக் கால் இரண்டும் உணர்வில்லாமல் போனது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவேயில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள், "நீர் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போம்" என்றார். எனக்கு வாகனம் ஓடத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். நான் "ஓம்" என்றேன். குளிர்காலம் தொடங்க முதல் போய்விட்டார்.

செத்த வீடு முடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் வந்து, தான் வாகனம் ஓடுறன், பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போவோம் என்றார். அப்பா இல்லாமல் வேண்டாம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் பிக்கப், கரவன் இரண்டையும் சேர்த்து வித்தோம். வாங்கியவன் கொளுவிக்கொண்டு போனபோது வண்டி கொஞ்சமும் குலுங்காமல் தெருவைக் கடந்து போனது. எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, குரல் கட்டும் வரைக்கும் கத்தினேன்.

நினைத்ததைச் செய்து முடித்துவிட்டுத்தானே போனார் என்று இப்பவும் சிலர் ஆறுதல் சொல்வார்கள்; எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை, ஆனால் வலியில் கிடக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால் நான் இப்போது புத்தி சொல்வதில்லை, நம்பிக்கை கொடுப்பதில்லை, போகச் சொல்லும் வரைக்கும் பக்கத்தில் இருக்கிறேன்.