செல்வினோடு பள்ளத்தாக்கில் இறங்கிய நாள்

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, டாலஸை அடுத்த ஆலனில் உள்ள என் வீட்டுக்கு வந்தபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, ஜெபா பேசுதேன். நியூ ஜெர்ஸிலருந்து. அவங்க போயிட்டாங்க அண்ணா. ஹார்ட் அட்டாக். ஆபீஸ்லயே." ஜெபா செல்வினின் மனைவி. ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றபடி மூன்று தடவை அதைக் கேட்டேன். செல்வினுக்கு நாற்பத்தொரு வயது.

உங்களில் டாலஸில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் நாகர்கோவில்காரர். யாரையும் 'மக்கா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் அமெரிக்க மேனேஜரையும் அப்படியே கூப்பிட, அது தனக்கு வைத்த செல்லப் பெயர் என்று அந்த மனிதர் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அப்போது எங்கள் இருவருக்கும் கல்யாணமாகவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் குடும்பத்தைத் தேடிப் போனபின் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் கடைசியாக நிற்பவை எங்கள் இரண்டு கார்கள்தாம்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு, மே மாத நீண்ட வார இறுதியில், மேற்கு டெக்ஸாஸ் பாலைவனத்தில் ஒரு பள்ளத்தாக்கை மேலிருந்து அடிவரை நடந்து கடப்பது என்று முடிவு செய்தோம். ஒருவழிப் பாதை அது. அதனால் இரண்டு கார்கள் வேண்டும். ஒன்பது மணி நேரம் ஆளுக்கொரு காரில், அவர் முன்னும் நான் பின்னுமாக ஓட்டிப் போனோம். என் காரைப் பாதை முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் காரில் மேலே ஏறி மோட்டலில் தங்கினோம்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பாதை தொடங்கும் இடத்தில் நின்றோம். செல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"போலாங்க செல்வின். வெயில் ஏறிடுமுங்க."

தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார். சாதாரணமாக அவருக்கு வாய் ஓயாது. அன்று என்னை விட்டு முப்பது நாற்பது அடி முன்னாலேயே நடந்தார். ஏதோ கோபம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குமேல் பாறைச் சுவர்களின் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது. ஆறு ஓடிய தடத்தில் வெள்ளைச் சரளைக்கற்கள்தாம் கிடந்தன. கீழிருந்தும் சூடு, பக்கவாட்டிலிருந்தும் சூடு. சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. பேச ஆளிருந்தும் பேச்சில்லாமல் நடந்த அந்த மணிநேரங்களைப்போல் ஒரு தனிமையை நான் அமெரிக்காவில் வேறெங்கும் உணர்ந்ததில்லை. பகல் ஒரு மணிக்கெல்லாம் எங்கள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இரண்டு மணிக்கு என் கார் கண்ணில் பட்டபோது ஓடாத குறையாகப் போனேன். பாக்கெட்டில் கை விட்டேன். சாவி இல்லை. மேலே அவர் கார் டேஷ்போர்டில் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுற்றிலும் ஒரு ஜீவன் இல்லை. காருக்குள், பின்சீட்டில், ஐஸ் பெட்டியும் இரண்டு கேலன் தண்ணீரும் கண்ணாடி வழியே தெரிந்தன. செல்வின் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அது நான் முதன்முதலாக வாங்கிய புதுக் கார். வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் தயங்கினேன்.

"கண்ணாடிய மாத்திக்கிடலாம் மக்கா. ஆள மாத்த முடியாது," என்றார். ஜன்னலை உடைத்தார். முதல் பாட்டிலை அவர் குடிக்கவில்லை. திறந்து என் கையில் கொடுத்து, "மெதுவா குடி" என்று பக்கத்தில் நின்றார்.

இனி யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். காரின் நிழலில் தரையில் உட்கார்ந்தோம். நான்தான் கேட்டேன், "எம்மேல என்னங்க கோவம்?"

"கோவமா? உம்மேலயா?" என்றார். பிறகு, "அப்பா போயிட்டாங்க மக்கா. வியாழக்கிழம ராத்திரி ஃபோன் வந்திச்சு. பம்பாய்லருந்து அக்கா வரணும்னு ஒரு நாள் வெச்சிருந்தாங்க. நாம மேல நின்னோம்லா, அப்ப அங்க சாயங்காலம் அஞ்சு மணி. அடக்கம் அப்பதான்."

அவருடைய விசா காலாவதியாகியிருந்தது. கிரீன் கார்டு மனு பாதியில் நின்றது. இப்போது போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம்.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொன்னா நீ ட்ரிப்ப கேன்சல் பண்ணிருப்ப. அந்த அபார்ட்மெண்ட்ல ஒத்தையா உக்காந்து ஃபோனையே பாத்திட்டு இருக்கணும். முடியாதுடே." அதற்குப் பிறகுதான் அழுதார். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அவசரப்படுத்தினேனே என்பதற்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஐந்து மணிக்கு ஒரு ரேஞ்சர் வண்டி வந்து எங்களை மேலே கொண்டுபோய் விட்டது.

அடுத்த வருடம் அவர் நியூ ஜெர்ஸிக்கு மாறினார். கிரீன் கார்டு வந்தபின் ஊருக்குப் போய் ஜெபாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். எப்போதாவது ஃபோனில் பேசுவோம். அந்த நாளைப் பற்றி இருவருமே மறுபடி பேசியதில்லை.

செவ்வாயன்று ஜெபாவை நான் திருப்பி அழைத்தேன். செல்வினை ஊருக்குக் கொண்டுபோக ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பேச்சின் நடுவே அவர் கேட்டார்: "அண்ணா, மாமா அடக்கத்துக்கு அவங்க வரலன்னு ஊர்ல இன்னும் பேசுதாங்க. அன்னிக்கி எங்க இருந்தீங்கன்னு கேட்டா எங்கிட்ட சொல்லவே மாட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அப்பாவைப் புதைத்த நாளில் மகன் சுற்றுலா போயிருந்தார் என்று கேட்டால் ஜெபாவுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு தொப்பியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கி அவங்க ஒத்தையா இல்ல," என்றார் ஜெபா. "இத எழுதுங்கண்ணா. ஊர்ல உள்ளவங்களும் படிக்கட்டும்."

அதனால்தான் எழுதுகிறேன். செல்வினிடமிருந்து எனக்குக் கிடைத்ததாகச் சொல்ல ஒரு பொருளோ, ஒரு புகைப்படமோ என்னிடம் இல்லை. அவர் அழுதுகொண்டிருக்க, சொல்ல ஒன்றும் தெரியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மணி நேரம் மட்டும் இருக்கிறது. அதை வைத்திருக்கிறேன்.