பெட்டியைக் கெடுத்தது யார்?

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. குற்றவாளி, ஒன்பதாவது படிக்கும் என் மகள் அமுதா. நீதிபதி, என் அண்ணன். வழக்கு... உயிர் போன கம்ப்யூட்டர்!

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. அமுதா சுவிட்சைப் போட்டு, பட்டனை அழுத்தினாள். சத்தமில்லை. விளக்கும் எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊஹூம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார்.

"இன்னாடா செல்வம், ஊத்திக்கிச்சா? பொட்டப் புள்ள கையில குடுத்தா இப்டிதான். கேம் ஆடியே கொன்னுட்டா."

"நான் கேமே ஆடல பெரியப்பா."

"பின்ன தானா செத்துச்சா? தம்பி, வந்த விலைக்குத் தள்ளிடு. சாயங்காலம் வாங்குற ஆளக் கூட்டியாறேன். அதுவரைக்கும் அவள கைய வெக்க உடாத."

பள்ளியில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். இவள் கைக்கு மவுஸ் வருவதற்குள் மணி அடித்துவிடும். அதற்காகத்தான் செகண்ட் ஹேண்டில் இந்தப் பெட்டியை வாங்கினோம். அதுவும் போகப்போகிறது... அழுதுவிடுவாள் என்று நினைத்தேன்.

"என்ன கோளாறுன்னு பாக்காம யாரும் இத எடுத்துட்டுப் போகக் கூடாது!" என்றாள்.

"பாருடா வாயை!" என்றார் அண்ணன்.

அண்ணன் பேச்சை நான் தட்டியதே இல்லை. அன்றைக்குத் தட்டினேன். "அவ பாக்கட்டும்ணே."

பிள்ளைகளே, ஒன்று கவனித்திருக்கிறீர்களா? அப்பாவின் பைக் நின்றால் பெட்ரோலில் குறை. பிள்ளையின் கம்ப்யூட்டர் நின்றால் பிள்ளையிடம் குறை! இது என்ன நியாயம்? மேட்டுப்பாளையத்தில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் மெஷின் நின்றால் முதலில் கரண்டைப் பார்ப்போம். ஆளைத் திட்டுவது அப்புறம்தான்.

அமுதாவும் அதைத்தான் செய்தாள். அதே பிளக் பாயிண்ட்டில் டேபிள் ஃபேனைச் செருகினாள். சுற்றியது. மானிட்டரின் ஒயரைக் கழற்றி சிபியூவில் மாட்டினாள். அப்போதும் அசையவில்லை. ஒயர் மேல் தப்பில்லை. பின்பக்கத்துச் சின்ன சுவிட்ச்? ஆனில்தான் இருந்தது.

மறுபடி பட்டனில் விரலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அப்பா, இது 'டிக்'குன்னே சொல்லல. ஏற்கெனவே உள்ள அமுங்கிக் கெடக்கு."

குனிந்து பார்த்தேன். பட்டனைச் சுற்றிக் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். முதல் நாள் பூஜையில், வீட்டுக்கு மூத்தவர் என்று அண்ணன்தான் பெட்டிக்குப் பொட்டு வைத்தார். கட்டைவிரலால்... அழுத்தி... தாராளமாக!

அமுதா பிளக்கைப் பிடுங்கினாள். குண்டூசியால் சந்தனத்தைச் சுரண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டாள். பட்டன் வெளியே துள்ளியது. பிளக்கைச் செருகி அழுத்தினாள். டிக்! உள்ளே ஃபேன் உறுமியது.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சாமி காரியம்... கொஞ்சம் தூக்கலா வெச்சிட்டேன் போல."

"அடுத்த வருஷம் நெத்தியில வைங்க பெரியப்பா. மூக்க அடைச்சா அது எப்டி மூச்சு உடும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் செருப்பை மாட்டும்போது, "எதுக்கும் அந்த ஆளு..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்ணே. பெட்டி அவளோடது" என்றேன்.

பிள்ளைகளே, "கையை வைக்காதே" என்று யாராவது சொன்னால், வீட்டில் ஒரு பெரியவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள்.

கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!