இடது டயர் மட்டும் ஏன்?

எங்கள் கேரவனின் இடது பக்க டயர் முதல் தடவை வெடித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. இதைச் சொன்னால் என் கணவர் இன்றும் முறைப்பார். சதாராவுக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் தலையில் கைவைத்து நின்றார். நான் பின்னால் போய்ச் சக்கரத்தருகே குந்தினேன். டயரின் மேல்தோல் பட்டையாக உரிந்து, கேரவனின் அடியில் அடித்துத் தண்ணீர்க் குழாயைப் பிய்த்திருந்தது. ஆனால் உரிந்து கிடந்த பட்டையில் பள்ளமெல்லாம் ஆழமாக அப்படியே இருந்தது. தேயவே தேயாத டயர் எப்படி வெடிக்கும்?

கேரவன் என்றால் ஜீப்பின் பின்னால் கோத்து இழுத்துப் போகும் சின்ன வீடு. ஒரு படுக்கை, ஒரு சமையல் மேடை, ஒரு கழிப்பறை. நாங்கள் குடியிருக்கும் ஔந்தில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாட்ச்மேன் அதற்கு வைத்த பெயர் ‘டப்பா’. ஊர் சுற்றும் ஆசையில் அதை வாங்கவில்லை. என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை திரவத்தை உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்துவிடுவதுதான் அவருடைய டயாலிசிஸ். ஒரு நாளைக்கு நான்கு முறை அதைச் செய்தாக வேண்டும். கை கழுவ, கதவைச் சாத்திக்கொள்ள, தூசி இல்லாத ஓர் இடம் வேண்டும். ரயிலில் அது நடக்காது. கூடவே ஓர் அறை வந்தால் அவர் சேலத்துக்குப் போய்த் தன் அக்காவைப் பார்க்கலாம் என்றுதான், ஒருவர் வாங்கி இரண்டு தடவை மட்டும் ஓட்டிய இந்த டப்பாவை நாங்கள் வாங்கினோம்.

அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அந்த அக்காதான். நோய் வந்த பிறகு அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை. நோயைப் பற்றிச் சொல்லவும் இல்லை. “சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, அதான் லீவு போட்டு வர முடியல” என்று போனில் கதை விட்டுக்கொண்டிருந்தார். சேலத்திலும் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தி, ஓய்வெடுக்கிற மாதிரி கதவைச் சாத்திக்கொண்டு, நாலு வேளையும் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். இதைவிடப் பைத்தியக்காரத்தனமான திட்டத்தை நான் கேட்டதில்லை. அதைச் சொல்லவும் செய்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் டயரின் மர்மத்தை நானே அவிழ்த்தேன். டயரின் பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். ஸ்கூலில் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தச் சங்கதி இத்தனை நாள் தெரியாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான். எங்கள் டயருக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பல வருடம் வெயிலில் ஒரே இடத்தில் நின்றதில் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போயிருந்திருக்கிறது. போதாக்குறைக்கு, நாங்கள் ஆயுத பூஜையன்று டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வெடிப்பையெல்லாம் அழகாக மூடியிருந்தோம்.

சரி, வீட்டுக்குத் திரும்பிப் புது டயர் போட்டோம். இரண்டு பக்கமும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கிளம்பினோம். கராடைத் தாண்டியதும் மறுபடி இடது பக்கம் வெடித்தது.

இந்தத் தடவை அவர் தலையில் கைவைக்கவில்லை. ஸ்டெப்னியை மாட்டினார், ஜீப்பைத் திருப்பினார். நேரே வீட்டுக்கு ஓட்டிவந்தார். மறுநாள் காலை டீயைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார்.

“வித்துடலாம்மா. எனக்கு இனிமே ஊரு கிடையாதுன்னு ஆயிடுச்சு. அவ்வளவுதான்.”

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இவர் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. சிஞ்ச்வட்டில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் இவருடைய வேலையே ‘ஏன்’ கேட்பது. உடைந்த பாகம் ஒன்று திரும்பி வந்தால், ஏன் உடைந்தது என்று கேட்பார். பதில் வந்தால் அது ஏன் என்பார். அதற்கும் பதில் வந்தால் அது ஏன். அடிவேர் கிடைக்கும்வரை விடமாட்டார். வீட்டில் பால் பொங்கினால்கூட இதே விசாரணைதான், எனக்கு எரிச்சலாக வரும். அவர் கேட்டுப் பதில் கிடைக்காத ‘ஏன்’ ஒன்றே ஒன்றுதான். சிறுநீரகம் ஏன் போனது என்று டாக்டரிடம் கேட்டார். சில பேருக்குக் காரணம் தெரிவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். டயரும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது.

“விக்கலாம். ஆனா புது டயர் ஏன் வெடிச்சுதுன்னு தெரியாம விக்க மாட்டேன்” என்றேன். “வாங்கறவன் கேப்பான்ல?”

டீயைக் கீழே வைத்தார். “உன் கிரைண்டர்தான். கல்லு கனம்.”

நல்லவேளை, பழைய ஆள் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். சேலத்துக்குப் போகும்போது மாவு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போவது அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழியை அதன் தலையில் கட்ட நான் விடவில்லை. பயணத்துக்கு அடுக்கியது அடுக்கியபடியே கேரவனை இழுத்துக்கொண்டு, மணல் லாரிகள் நிற்கும் ஓர் எடை மேடைக்குப் போனோம். முதலில் இடது சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னேன். பிறகு வலது. எடை மேடைக்காரர், “ஒரே வண்டியை ஏன் பாதிப் பாதியா நிறுக்கறீங்க?” என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். இடது பக்கம் வலது பக்கத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. கிரைண்டரை இறக்கிவிட்டு மறுபடி நிறுத்தோம். கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லை. நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

அங்கிருந்தே டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கார் டயரையே எடுத்து நீட்டினார். நான் குனிந்து தேதியைப் படித்தேன். ‘புதுசு’ என்று அவர் சொன்ன டயர் மூன்று வருடம் கடையிலேயே கிடந்திருக்கிறது. வேறு கேட்டேன். டயரின் அளவுக்குப் பக்கத்திலேயே அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. போன தடவை நாங்கள் போட்ட கார் டயரில் அது குறைவு. சின்ன சரக்கு வண்டிகளுக்குப் போடும் டயர், அதே அளவில், பக்கச் சுவர் கெட்டியாக, அதிகச் சுமை தாங்குவதாகக் கிடைக்கிறது. காற்றும் அதற்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்தால் டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகி, அந்தச் சூட்டில்தான் வெடிக்கிறது. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு நான் கடைக்காரர் உயிரை வாங்கினேன். “பாபி, நீங்க டயர் வாங்க வந்தீங்களா, கடை வைக்க வந்தீங்களா?” என்று, அண்ணி முறை வைத்து, இந்தியில் கேட்டேவிட்டார்.

என் கணவர் அதுவரை கேரவனுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி வந்தார்.

“டயர் மட்டும் மாத்துனா பத்தாது. அச்சுல எவ்வளவு எடைன்னு அடிச்சிருக்கானோ அதுக்கு மேல போவுது. அச்சு போயிடும்.”

“ஏன் மேல போவுது?” என்றேன்.

“லோடு ஜாஸ்தி.”

“ஏன் ஜாஸ்தி?”

அவருக்குப் புரிந்துவிட்டது. இது அவருடைய விளையாட்டு, நான் ஆடுகிறேன் என்று. ஆனாலும் பதில் சொன்னார். “படுக்கைக்கு அடியில பெட்டி. லெஃப்ட்ல.”

பெட்டி என்றால் திரவப் பைகள் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். ஒரு நாளைக்கு நான்கு பை, ஒவ்வொன்றும் இரண்டு லிட்டர். சேலத்தில் ஒரு மாதம் தங்குவதற்கு வேண்டிய அத்தனை பெட்டியும் இடது பக்கப் படுக்கைக்கு அடியில் இருந்தது. அவற்றை அங்கே அடுக்கியது நான்தான். ஆனால் தினமும் பார்த்துப் பார்த்து வீட்டுச் சாமான் ஆகிப்போனதால் அது சுமை என்றே எனக்குத் தோன்றவில்லை.

“ஏன் அத்தனையும் இங்கிருந்தே தூக்கிட்டுப் போறோம்? முன்கூட்டிச் சொன்னா மருந்துக் கம்பெனிக்காரனே எந்த ஊருக்கும் கொண்டாந்து இறக்குவானே?”

“அக்கா வீட்டு வாசல்ல இறக்குவான்.”

“ஆமா. ஏன் இறக்கக் கூடாது?”

அவர் துடைத்து முடித்த கையையே மறுபடி துடைத்தார். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டயர் விஷயத்தில் ஒரு புருஷனுக்குக் கண் கலங்குவதை அவர் பார்த்திருக்க மாட்டார். நான் என் கணவரைக் குத்திக்காட்டத்தான் தொடங்கினேன். முடியும்போது அப்படி இல்லை.

“போன எடு” என்றார்.

அக்காவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவே, சுகர் இல்லை, சிறுநீரகம், இரண்டரை வருடம் ஆகிறது, திரவப் பெட்டிகள் உன் வீட்டு வாசலில் வந்து இறங்கும் என்று மூன்று நான்கு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிமுடித்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன். போகவில்லை.

“நான் அழுவேன்னுதானே கண்ணு சொல்லல?” என்றது அக்காவின் குரல். “அழுதாச்சு. மாடி ரூம்ல வெயிலடிக்கும், உம் பொட்டியெல்லாம் எம் ரூம்லயே அடுக்கிக்கலாம். எப்பக் கொண்டாருவான், சொல்லு.”

அவர் போனை என்னிடம் நீட்டினார். நான்தான் தேதியைச் சொன்னேன்.